பெர்லின்: பாடமான சுவரும் பாடமாகாத ஓட்டையும்

பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்றும் அறியாப்பிள்ளை விளையாட்டல்ல. பாடப்புத்தகங்களைக் கட்டுடைத்து நம் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆனால் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய், ஒரு இடத்தில் இறக்கி, 'இங்க பாருங்க' என்று விரல் நீட்டுகிற அந்தக் காரியத்தைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. கருத்துநிலை அரசு எந்திரங்கள் பற்றி 1970இல் எழுதிய அல்துஸ்ஸர், முதலாளிய சமூகத்தில் அவற்றுள் தலையாயது பள்ளிக்கூடம்தான் என்றார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சக்கரமும் உண்டு. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும், எங்கே தலை குனிய வேண்டும் என்று உடம்புக்கே பாடம் சொல்லித்தருவது சுற்றுலா.

இதை இப்போது எழுதக் காரணம் ஓர் அப்பாவும் மகளும். அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பது வருஷமாக ஜெர்மனியில் ரூர் பகுதியில் இருக்கிறார். போன வருஷம் திருச்சியில் இருக்கும் தன் தங்கச்சியைப் பார்க்க வந்தவர், பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பிள்ளை சில மாதங்களுக்கு முன்புதான் வகுப்போடு பெர்லின் போய்வந்திருந்தாள். கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவரின் மிச்சம், பிராண்டன்பர்க் வாயில், யூதர் நினைவிடத்தின் சாம்பல் நிறக் கற்கள். அப்பா கேட்டார்:

"ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனவையோ?"

"ஓம் அப்பா. அதுக்குப் பக்கத்தில கண்ணாடிக் கட்டடம் ஒண்டு. கண்ணீர் மாளிகை எண்டு பேர். சனம் அழுது அழுது வழியனுப்பின இடமாம்."

"நான் அதுக்குள்ளாலதான் வந்தனான்."

"நீங்கள் ஏன் அப்பா அதுக்குள்ளால? அது ஜெர்மன் சனத்துக்கெல்லோ?"

அவர் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "பாத்தீரோ தம்பி" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். 'அது ஜெர்மன் சனத்துக்கெல்லோ' என்ற அந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பிள்ளை சொன்னது அவள் கண்டுபிடித்த கருத்தல்ல. மூன்று நாள் சுற்றுலாவில், வழிகாட்டியின் குரலிலும் காட்சிப்பலகைகளின் எழுத்திலுமாக அவளுக்குள் இறக்கப்பட்டது.

பெர்லினுக்கு மாணவர்களைக் கூட்டிப்போவது அங்கே பழைய வழக்கம். சுவர் இருந்த காலத்திலேயே மேற்கு ஜெர்மன் அரசு பள்ளி வகுப்புகளின் பெர்லின் பயணத்துக்குப் பணம் கொடுத்தது. பணம் வேண்டுமென்றால் அரசியல் கல்வி நிகழ்ச்சியில் உட்கார வேண்டும். சொற்பொழிவு, திரைப்படம், பிறகு சுவரோரமாக பஸ்ஸில் ஒரு சுற்று. மேற்குப் பக்கத்தில் அங்கங்கே மேடைகள் கட்டி வைத்திருந்தார்கள். ஏறி நின்றால் சுவருக்கு அப்பால் வெறும் மணல் பட்டையும் காவல் கோபுரமும் தெரியும். சில இடங்களில் அதற்கும் அப்பால் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு மனிதர். மேடையில் நிற்பவன் பார்ப்பவன், ஜன்னலில் நிற்பவர் காட்சிப்பொருள். சுதந்திரம் என்றால் என்ன என்று அந்த வயதுப் பையனுக்கு விளக்க வேண்டியதே இல்லை. பார்க்கிற இடத்தில் தான் நிற்பதுதான் சுதந்திரம் என்று அவன் கால்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் கிழக்கே போய்வரவும் ஏற்பாடு உண்டு. 1980 அக்டோபரிலிருந்து அப்படிப் போகிறவர் நாளொன்றுக்கு 25 மேற்கு மார்க்கை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டாயமாக மாற்றியாக வேண்டும். மிஞ்சுகிற கிழக்கு மார்க்கை வெளியே கொண்டுபோக முடியாது. என்ன செய்வது? வயிறு முட்டச் சாப்பிடுவது, இசைத்தட்டு வாங்குவது, புத்தகம் வாங்குவது. (மாஸ்கோ பதிப்புகளை அள்ளிக்கொண்டு வந்த நம்மூர்த் தலைமுறைக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.) சாயங்காலம் திரும்பி வந்தவனுக்கு, 'அங்க காசு இருந்தும் வாங்க ஒண்ணுமில்ல' என்பது சொந்த அனுபவமாகியிருக்கும். பாடம் அனுபவமாக மாறுகிற ரசவாதம் இதுதான்.

கிழக்கு மட்டும் யோக்கியமா? ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு தன் மக்களிடம் அதைச் சுவர் என்றே சொல்லவில்லை. பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண் என்றது. அங்கே அச்சான பல நகர வரைபடங்களில் மேற்கு பெர்லின் தெருக்கள் இல்லாத வெற்றிடம். அரணின் துப்பாக்கிகள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். 1961 ஆகஸ்ட் 13 முதல் 1989 நவம்பர் 9 வரை, மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர், அதில் நகரத்தின் இரு பாதிகளுக்கும் நடுவே 43 கிலோமீட்டர் ஓடிய அந்த அரணில் குறைந்தது 140 பேர் செத்தார்கள். 1962 ஆகஸ்டில் பீட்டர் ஃபெக்டர் என்ற 18 வயதுக் கட்டடத் தொழிலாளி சுடப்பட்டு, சுவரடியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ரத்தம் வடியக் கிடந்து செத்தான். தொழிலாளி வர்க்க அரசு என்று சொல்லிக்கொண்டது ஒரு தொழிலாளியை அப்படிச் சாகவிட்டது. நம்மூர் இடதுசாரிகளில் பலர் 1989வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தவர்களை ஏகாதிபத்திய ஏஜெண்ட் என்றார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்காமல் மேற்கின் கதையாடலைக் கட்டுடைக்கக் கிளம்புவது மோசடி.

கணக்கைத் தீர்த்துவிட்டே கேட்கிறேன். 1990க்குப் பிறகு மேடைகள் போய் நினைவிடங்கள் வந்தன. பெர்னவர் தெருவில் சுவரும் மணல் பட்டையும் கோபுரமுமாக ஒரு துண்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். செத்தவர்களின் முகங்களை வரிசையாக வைத்த நினைவுச் சாளரம் இருக்கிறது. ஹோஹென்ஷோன்ஹவுசனில் பழைய ரகசியப் போலீஸ் சிறையை, அங்கே கைதிகளாக இருந்தவர்களே சுற்றிக்காட்டுகிறார்கள். இவை மதிக்கத்தக்க காரியங்கள். ஆனால் எல்லா நிறுத்தங்களையும் கோத்துவரும் கதை ஒன்றுதான்: ஒரு தேசம் பிளக்கப்பட்டது, குடும்பங்கள் பிரிந்தன, மக்கள் எழுந்தார்கள், சுவர் விழுந்தது, தேசம் ஒன்றானது. கதாபாத்திரங்கள் இரண்டே பேர், கிழக்கு ஜெர்மன்காரர், மேற்கு ஜெர்மன்காரர். ஒரு தேசத்தை உண்டாக்க நினைவைப் போலவே மறதியும் வேண்டும் என்று ரெனான் 1882இலேயே சொல்லிவிட்டார். பெர்லினில் மறக்கப்பட்டது என்ன என்பதை அந்த அப்பா வந்த வழியிலிருந்தே பார்க்கலாம்.

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு வெளியேறியவர்களுக்கு ஐரோப்பாவின் வாசல்கள் ஏறக்குறைய அடைந்திருந்தன. மேற்கு ஜெர்மனி 1980இலேயே இலங்கை முதலான நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கிவிட்டது. ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கினால் மேற்கு ஜெர்மன் அதிகாரி நிற்பார். ஆனால் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் அவர் நிற்க முடியாது. ஏரோஃப்ளோட்டில் மாஸ்கோ வழியாக வந்து ஷோனஃபெல்டில் இறங்கினால் கிழக்கு ஜெர்மன் அரசு ஊடுவழி விசா கொடுத்தது. அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ. இந்த ரயில் நிலையம் ஒரு விசித்திரப் பிராணி. முழுக்கக் கிழக்கு பெர்லினுக்குள் இருந்தது, ஆனால் மேற்கின் ரயில்களும் அதற்குள் வந்து போயின. ஒரே கூரையின் கீழ் தகரத் தடுப்பால் இரண்டாகப் பிளந்த நடைமேடைகள். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களைச் சோதிப்பதற்காக 1962இல் பக்கத்தில் கட்டிய கண்ணாடிக் கூடம்தான் கண்ணீர் மாளிகை. 2011 முதல் அது அருங்காட்சியகம். சோதனையைத் தாண்டி நகர ரயிலில் ஏறினால் சில நிமிஷங்களில் மேற்கு பெர்லின்.

மேற்கு பெர்லின் பக்கத்தில் சோதனை இல்லையா? கடவுச்சீட்டுச் சாவடி இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் சூட்சுமம். இரண்டாம் உலகப் போரை வென்ற நான்கு நாடுகளின் பொறுப்பில் உள்ள ஒரே நகரம் பெர்லின், அதன் நடுவே ஓடுவது சர்வதேச எல்லை அல்ல என்பது மேற்கின் சட்ட நிலைப்பாடு. சாவடி போட்டு முத்திரை குத்தினால் அது எல்லை என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆக, சுவரை ஏற்க மறுத்த கொள்கையே சுவரில் ஒரு ஓட்டையாகிப்போனது. அந்த ஓட்டையின் அளவு ஒரு தமிழ்ப் பையன் நுழையப் போதுமானதாக இருந்தது. உள்ளே வந்து புகலிடம் கேட்டால் விண்ணப்பத்தை வாங்கியாக வேண்டும். அரசியல் காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுகிறவருக்குப் புகலிடம் உரிமை என்று 1949இல் எழுதிய மேற்கு ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொன்னது. ஹிட்லரிடமிருந்து தப்பிக்க நாடு நாடாக அலைந்தவர்களின் நினைவில் பிறந்த வரி அது.

"அப்ப யாழ்ப்பாணத்தில கிழக்கு பெர்லின் எண்டால் சின்னப் பெடியனுக்கும் தெரியும்" என்றார் அவர். "அண்ணாமலை யூனிவர்சிட்டி எங்க இருக்கெண்டு தெரியாது, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில எந்தப் படியால ஏற வேணும் எண்டு தெரியும்." சோதனைக் கூண்டு ஓர் ஆள் நிற்கிற அகலம்தானாம். கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரி, தலைக்கு மேலே சாய்த்து வைத்த முகக்கண்ணாடி. முதுகுப்பக்கத்தையும் அவன் பார்க்கிறான் என்பது பிறகுதான் புரிந்ததாம். யாரும் அழவில்லை. அழுது வழியனுப்ப யாரும் வந்திருக்கவில்லை. அந்தக் கண்ணீரெல்லாம் கொழும்புக்குப் புறப்படும்போதே வீட்டு வாசலில் முடிந்துவிட்டது.

கிழக்கு ஜெர்மனி இதை மனிதாபிமானத்தால் செய்யவில்லை. விமான டிக்கெட்டுக் காசு, மேற்கைச் சங்கடப்படுத்தும் வாய்ப்பு, இரண்டும் அதற்கு லாபம். நம் பையன்களைத் தன் மண்ணில் வைத்துக்கொள்ள அதற்கு எண்ணமில்லை, ஊடே போகவிட்டது. மேற்கு ஜெர்மன் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் 'அகதி வெள்ளம்' என்றார்கள். வேகவேகமாகப் பேச்சுவார்த்தை நடந்தது. 1985 ஜூலையில் இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான வர்த்தகத்தில் கிழக்குக்குத் தரும் வட்டியில்லாக் கடன் வரம்பு 85 கோடி மார்க் மதிப்புக்கு உயர்த்தப்பட்டது. அதே கோடையில், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத இலங்கைத் தமிழரை ஊடே விடுவதில்லை என்று கிழக்கு ஒத்துக்கொண்டது. தமிழருக்கென்று தனியாக ஒரு கதவடைப்பு! இரண்டு வல்லரசு முகாம்களின் பேரத்தில் நாம் பெயர் சொல்லி இடம்பெற்ற சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. இது ஒன்று. இதைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

மற்ற நாட்டவருக்கு அந்த வழி இன்னும் ஒரு வருஷம் திறந்திருந்தது. 1986இல் மேற்கு ஜெர்மனியில் புகலிடம் கேட்டவர்கள் சுமார் 1 லட்சம். செப்டம்பரில் சமூக ஜனநாயகக் கட்சியின் எகோன் பார் கிழக்கோடு பேசி முடித்தார். எதிர்க்கட்சிதான், ஆனாலும் இந்தத் தரகுக்கு அது தடையாக இல்லை. போக வேண்டிய நாட்டின் விசா இல்லாத யாருக்கும் ஊடுவழி கிடையாது என்பது அக்டோபர் 1 முதல் நடைமுறை. எட்டு மாதம் கழித்து, 1987 ஜூன் 12இல், ரீகன் பிராண்டன்பர்க் வாயில் முன் நின்று கோர்பசேவிடம் சுவரை இடிக்கச் சொன்னார். அந்தப் பேச்சு எல்லாச் சுற்றுலாவிலும் உண்டு. அதற்கு எட்டு மாதம் முன்பு, அதே சுவரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லி மேற்கே கேட்டு வாங்கியது எந்தச் சுற்றுலாவிலும் இல்லை.

'அகதிகளை ஆயுதமாகப் பயன்படுத்துகிறார்கள்' என்று அன்று கிழக்கு பெர்லினைப் பார்த்துச் சொன்ன வாக்கியத்தை 2021இல் பெலாரஸைப் பார்த்து அப்படியே சொன்னார்கள். 2022இல் போலந்து பெலாரஸ் எல்லையில் 186 கிலோமீட்டருக்கு இரும்பு வேலி எழுப்பி முடித்தது. பெர்லின் சுவரைவிட நீளம். ஐரோப்பிய ஒன்றியத்தில் யாரும் அதைச் சுவர் என்று அழைக்க அவசரப்படவில்லை.

சரி, பெர்லினுக்குள்ளேயே இன்னொரு இடத்துக்குப் போவோம். க்ராய்ட்ஸ்பெர்க், மேற்கு பெர்லினின் கிழக்கு ஓரம், ஷ்ப்ரே ஆற்றங்கரை. ஓபர்பாம் பாலத்தின் பக்கம். மறுகரையில் ஓவியம் தீட்டிய சுவர்த்துண்டு 1.3 கிலோமீட்டருக்கு நிற்கிறது, மாணவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இக்கரையில் அவ்வளவாக யாரும் நிற்பதில்லை. அன்றைக்கு இங்கே கரை மேற்குடையது, தண்ணீர் முழுக்கக் கிழக்குடையது. க்ராய்ட்ஸ்பெர்க் சுவரை ஒட்டிய மலிவு வாடகைப் பகுதியானதால் அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் துருக்கியத் தொழிலாளர் குடும்பங்கள். அவர்கள் வந்ததற்கும் சுவருக்கும் தொடர்பு உண்டு. கிழக்கிலிருந்து தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 1961 ஆகஸ்டில் சுவர் ஒரே இரவில் நிறுத்தியது. அக்டோபர் 30இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்துக்குச் சுவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மேற்கு பெர்லினின் ஆலைகளில் காலியான இடங்களுக்கு யார் வந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கரையில் 1966க்கும் 1975க்கும் இடையில் ஐந்து குழந்தைகள் தண்ணீரில் விழுந்து செத்தார்கள். ஐந்து முதல் எட்டு வயது. இரண்டு பேர் ஜெர்மன் பிள்ளைகள், இரண்டு பேர் துருக்கிக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவன் இத்தாலியத் தொழிலாளி மகன். கடைசிப் பையன் செட்டின் மெர்ட். 1975 மே 11, அன்று அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். பந்தை எடுக்கப் போனவன் வழுக்கி விழுந்தான். மேற்கு பெர்லின் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள், கரையில் நின்றார்கள். தண்ணீரில் கால் வைத்தால் அடுத்த நாட்டுக்குள் நுழைந்ததாகிவிடும், சுடுவார்கள் என்ற பயம். பிணத்தை எடுத்தவர்கள் கிழக்கின் ஆட்கள். க்ராய்ட்ஸ்பெர்க் துருக்கியர்கள் தெருவில் இறங்கினார்கள். விபத்து நடந்தால் மேற்குப் பக்கத்திலிருந்தும் காப்பாற்றலாம் என்று இரு பக்கமும் கையெழுத்துப் போட்டது அதே வருஷம் அக்டோபர் 29இல். செத்தவர் 140 என்கிற கணக்கில் இந்தப் பிள்ளைகளும் உண்டு, நினைவுச் சாளரத்தில் அவர்கள் முகமும் உண்டு. ஆனால் சுற்றுலாக் கதையின் வாக்கிய அமைப்பில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் எங்கேயும் தப்பியோடவில்லையே. சுவருக்காகத் தவமிருந்த இரண்டு அரசுகளின் நடுவே பந்து விளையாடினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கரைக்கு அன்று குரோபன் கரை என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய கானா நாட்டின் கடற்கரையில் பிராண்டன்பர்க் அரசுக்குக் கோட்டை கட்டிய ஓட்டோ ஃப்ரீட்ரிஷ் ஃபொன் டெர் குரோபனின் பெயர். அந்தக் கோட்டை அடிமை வணிகத்தின் நிலையமானது. 2010இல் பெயரை மாற்றி ஆப்பிரிக்க-ஜெர்மன் கவிஞர் மே ஆயிம் பெயரை வைத்தார்கள். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது: பிளவுபட்ட நகரம் என்று இவர்கள் சொல்லும் இதே பெர்லினில் 1884 நவம்பரிலிருந்து 1885 பிப்ரவரி வரை வல்லரசுகள் கூடி உட்கார்ந்துதான் ஆப்பிரிக்காவைப் பங்குபோடுவதற்கான விதிகளை எழுதின. கோடு போடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

கிழக்கின் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1989இல் அங்கே சுமார் 60 ஆயிரம் வியட்நாமியர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தார்கள். மொசாம்பிக்கர்களும் ஆயிரக்கணக்கில். சோசலிச நட்புறவு என்று பெயர். வியட்நாமியப் பெண் கர்ப்பமானால் கலைக்க வேண்டும், இல்லையேல் நாடு திரும்ப வேண்டும் என்பது நீண்ட காலம் நடைமுறை. சுவர் விழுந்ததும் முதலில் வேலை போனது இவர்களுக்கு. 1992 ஆகஸ்டில் ரோஸ்டோக் நகரின் லிஷ்டன்ஹாகனில் வியட்நாமியர் குடியிருந்த அடுக்குமாடிக்குத் தீ வைத்தபோது, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். வெளியே கூட்டம் கைதட்டியது. அந்த வருஷம் புகலிட விண்ணப்பங்கள் 4,38,191. அரசின் பதில் 1993 மே 26இல் வந்தது, 16ஆம் பிரிவைத் திருத்தி. பாதுகாப்பான மூன்றாம் நாடு வழியாக வந்தவர் அந்தப் புகலிட உரிமையைக் கோர முடியாது என்றானது. ஜெர்மனியைச் சுற்றியுள்ள நாடுகள் எல்லாமே பாதுகாப்பான நாடுகள். மூன்று நாள் கழித்து, சோலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்து வீட்டுக்குத் தீ வைத்ததில் பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் எரிந்து செத்தார்கள். அந்த அப்பாவின் ஊரிலிருந்து சோலிங்கன் கொஞ்ச தூரம்தான். "அதுக்குப் பிறகு கன நாளாய்க் கட்டிலடியில வாளியில தண்ணி வைச்சுக்கொண்டு படுத்தனாங்கள்" என்றார்.

குற்றத்தை முழுக்க அந்த வழிகாட்டிகள் தலையில் கட்டுவது சுலபம். நம் பக்கத்து மௌனத்தையும் பேச வேண்டும். 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பும், 'தூண்டில்' முதலான சிற்றிதழ்களும் அகதி வாழ்வைப் பேசத்தான் செய்தன. இருந்தும் இந்த வழியின் வரலாறு, எந்த மாதம் எந்தக் கதவு எந்தப் பேரத்தில் அடைபட்டது என்ற வரலாறு, நம்மிடம் எழுத்தாகச் சேரவில்லை. இயக்க வரலாறு எழுதுகிறவர்களுக்கு, போனவன் களத்தை விட்டுப் போனவன். போனவனுக்கோ, அது ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிய கதை, பொய்ப்பெயர்க் கதை. புகலிட விசாரணையில் ஒரு கதை சொல்லியாகிவிட்டது, அதற்கு மாறாக வேறொன்றைச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பழைய பயம் நாற்பது வருஷம் கழித்தும் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவள் கேக்கேல்லைத் தம்பி. அவளின்ர ரீச்சரும் கேக்கேல்லை" என்றார்.

ரீச்சர் கேட்கத்தான் செய்தார் என்பது பிறகு தெரிந்தது. கண்ணீர் மாளிகையில் வைத்து, 'உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தப் பக்கம் இருந்தார்களா?' என்று வகுப்பைக் கேட்டிருக்கிறார். ஒருத்திக்கு லைப்சிக்கில் பாட்டி. இன்னொருவனின் பெரியப்பா கிழக்கு எல்லைக் காவலராம். அந்தப் பிள்ளையும், பக்கத்தில் நின்ற துருக்கிக் குடும்பத்துப் பையனும், ஒரு வியட்நாமியப் பெயர்க்காரியும் பேசாமல் நின்றிருக்கிறார்கள். தங்களுக்கான கேள்வி என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

பயணம் பற்றி ஐந்து பக்கம் எழுதித்தர வேண்டும், லீவு முடிந்ததும் கொடுக்க வேண்டும் என்றாள். பேனாவும் நோட்டுமாக அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன திகதி அப்பா வந்தனீங்கள்?"

அவர் யோசித்தார். புகலிடக் காகிதத்தில் ஒரு தேதி இருக்கிறது, அது மொழிபெயர்ப்பாளர் எழுதினது, சரியில்லை என்றார். கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரனோடு போய்விட்டது. வருஷம் எண்பத்து நாலு. குளிர். ஸ்டேஷனில் ஏறும்போது, வீட்டில் இப்போது பந்தம் சுற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

"விளக்கீட்டுக்கு ரெண்டு நாள் முன்னம்" என்றார்.

அவள் கைப்பேசியை எடுத்து, 1984இல் கார்த்திகை விளக்கீடு எந்தத் தேதியில் வந்தது என்று தேடத் தொடங்கினாள்.